ஏழு மணிச் செபமாலை

மே 2, சனி
சோளகக் காற்று தொடங்கிவிட்டது. முற்றமெல்லாம் மணல். மூன்று தரம் கூட்டியாயிற்று.

மாதாவின் வணக்க மாதம். மாதா சுரூபம் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக வருகிறது. செபமாலை இந்த வருடமும் ஐந்தரைக்கு! வெயில் கூடத் தாழாத நேரம். எல்லாம் ரீவியில் ஏழு மணிக்கு வரும் அந்தச் சென்னைப் பாட்டுப் போட்டியால். சனி ஞாயிறு நிகழ்ச்சிக்காகக் கிழமை முழுவதையும் மாற்றினார்கள். ஒழுங்கைக்குப் பொறுப்பான ஜெசிந்தா, நேரத்தை மாற்றிய அன்று சொன்னது: “அன்ரி, ஏழுக்கு வைச்சால் ஒரு சனமும் வராது.”

“அப்ப மாதா பிரார்த்தனை சொல்ல வேறை ஆளைப் பாருங்கோ” என்றேன்.

ஆறு வருடமாக நான் தனியே. என் வீட்டில். ஏழு மணிக்கு.

மே 5, செவ்வாய்
வாங்க வேண்டியவை: பிரஷர் குளிசை, சவுக்காரம், தேயிலை. கடையில் இரண்டு பெண்கள்:

“இந்தமுறை ஆரடி பாடுறது?”

“ஆருக்குத் தெரியும்? பாட்டு ரெண்டு நிமிசம், அழுகை இருவது நிமிசம். நான் விட்டிட்டன்.”

ஒரு காலம் இவர்களே அந்தப் போட்டியிலிருந்து ஒரு பிள்ளை வெளியேறியதற்குச் சோறு சமைக்காமல் இருந்தவர்கள். முகத்தில் எதையும் காட்டாமல் வந்தேன். தேயிலையை மறந்துபோனேன்.

மே 9, சனி
ஜெசிந்தா வந்தாள். கதிரை கொடுத்தேன். தேநீர் பிறகு.

“அன்ரி, பழையபடி ஏழுக்கே வைப்பம். நீங்கள்தான் பிரார்த்தனை சொல்லவேணும்.”

“பாட்டுப் போட்டி?”

“அதை இப்ப ஆர் பாக்கினம்?”

என் நிபந்தனைகள்: பிரார்த்தனையில் ஒரு வரியும் விடக்கூடாது. ‘வேண்டிக்கொள்ளும்’ என்பதை விழுங்கக்கூடாது. போன்கள் வாசலில், ஓலைக் கடகத்துக்குள். ஏழு மணிக்கு வைக்கும் முதல் நாள் என் வீட்டில். எல்லாவற்றுக்கும் “ஓம் அன்ரி”. தேநீருக்குச் சீனியும் கூடப் போட்டேன்.

அவளுக்குத் தெரியாதது: ஆறு வருடமும் என் செபமாலை முடிந்ததும், ஏழரைக்கு, சத்தத்தைக் குறைத்துவைத்து அதே போட்டியைப் பார்த்தவள் நான். இந்த முறை ஒரு சின்னப் பிள்ளை, பச்சைத் தாவணி. சுருதி ஒருநாளும் பிசகாது. அழவும் மாட்டாள்.

மே 10, ஞாயிறு
முப்பத்தொரு பேர்! விறாந்தையிலும் பாய் விரித்தோம். கடலுக்குப் போகிற ஆண்களும் குளித்துவிட்டு வந்தார்கள். ரீவிக்கு முன்னால் மேசை, வெள்ளை விரிப்பு, அதன்மேல் மாதா. பிரார்த்தனை முழுவதும். என் குரல் நடுங்கவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

கடலை சாப்பிட்டபடி ஜெசிந்தா: “இண்டைக்குத்தானாம் கடைசிப் போட்டி. ஆர் வெண்டால் எங்களுக்கென்ன, என்ன அன்ரி?”

“அதுதானே” என்றேன்.

எட்டேகாலுக்கு எல்லோரும் போனார்கள். கதவைச் சாத்தினேன். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு மேசையைச் சற்று நகர்த்தினேன்.

பச்சைத் தாவணிதான் முதலிடம். ஒழுங்கை முழுவதிலும் கைதட்டியது நான் ஒருத்திதான்.