பெயரை மடித்து எண்ணியது

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

ஏழாம் வகுப்பில் நான் திருத்திய அறிவியல் தாளில் முப்பத்திரண்டு வாங்கிய அன்று, பையைக்கூட இறக்காமல் நீ ஒன்று கேட்டாய். "என் பேப்பர்னு தெரிஞ்சிருந்தா பாஸ் போட்டிருப்பியாம்மா?" பெயர் எழுதிய மூலையை மடித்துக் குண்டூசி குத்திவிட்டுத்தான் நான் திருத்துவேன், அது வெறும் சரி தவறு போடும் தாள் என்பதால் கையெழுத்தும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்குச் சோறு பார்க்கவென்று அடுப்படிக்குப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன், போட்டிருப்பேன். அந்த மூன்று மதிப்பெண் எங்கிருந்தாவது எனக்குக் கிடைத்திருக்கும். அதற்குப் பயந்துதான் மடித்தேன்.

போன வருடம், அப்பாவின் பார்க்கின்சன் நடுக்கத்துக்கு வழி தேடும் உன் ஆய்வுக்கூடத்திலிருந்து நீ போனில், "வலிப்பு மாத்திரை போட்ட தட்டுல நரம்புச் செல் நிறைய பொழைச்சிருக்கும்மா" என்று துள்ளினாய். மறுவாரமே, "எந்தத் தட்டுல மருந்துன்னு தெரிஞ்சே எண்ணிட்டேன், எண்ணும்போது அப்பா கைதான் கண்ணுக்குள்ள இருந்துச்சு, அந்தக் கணக்கு வேண்டாம்" என்று எட்டு மாத உழைப்பைத் தூக்கிப் போட்டாய். அன்று நான் அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை. போன வாரம் நீ அனுப்பிய நாற்பது பக்க ஆய்வறிக்கையைப் படித்தேன். தட்டுகளின் பெயரை மறைத்து, உன் அப்பாவைப் பார்த்தே இராத இரண்டு பேர் எண்ணியிருக்கிறார்கள். மருந்து இல்லாத தட்டில் நூற்றுக்கு நாற்பது செல் பிழைத்திருக்கிறது, மருந்துள்ள தட்டில் எழுபத்தொன்று. முப்பத்தாறு வருடம் தாள் திருத்தியவள் சொல்கிறேன், இதைவிடச் சுத்தமாக யாரும் பாஸாக முடியாது. கூடத்தில் நின்று சத்தமாக இரண்டு முறை வாசித்தேன்.

அப்பாவுக்கு என் பாணியில், ஓயாமல் கத்தித் தொண்டை கட்டும் வகுப்பைப் போல அந்தச் செல்கள் என்று விளக்கினேன். பஸ் ஓட்டியவர் இல்லையா, "ஏன் டீச்சர் சுத்தி வளைக்கிறீங்க, வண்டி நிக்கும்போதும் ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இருந்தா இன்ஜின் போயிடும், இந்த மாத்திரை காலை எடுக்க வைக்குது, அவ்வளவுதானே" என்றார். உன் நாற்பது பக்கத்தையும் ஒரு நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். ஆனால் கேள், அன்று மாலையே மாடி வீட்டு அக்காவிடம் போய், அவர் வலிப்புக்குச் சாப்பிடும் மாத்திரையில் ஒரு அட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துவைக்கப் போட்டபோதுதான் அகப்பட்டது. "தட்டுல பொழைச்சது என் தலையில பொழைக்காதா" என்கிறார். கையோடு டாக்டரிடம் அழைத்துப் போனேன். இது இன்னும் செல் அளவில்தான், எலிக்கும் மனிதருக்கும் கொடுத்துச் சோதித்த பிறகே சொல்ல முடியும், இருக்கும் செல்லைக் காக்கலாம், போனதைத் திருப்பாது, ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு இது சேருமா என்றும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கடைசியில், "பொண்ணு பொய்க்கணக்கு வேண்டாம்னு எட்டு மாசத்தைத் தூக்கிப் போட்டிருக்கு, நீங்க ரெண்டு நாள் பொறுக்க மாட்டேங்கிறீங்க" என்றும் சொன்னார். வீடு வந்ததும் அப்பா அட்டையை மாடியில் கொடுத்துவிட்டு, "மனுஷங்களுக்குச் சோதிக்கிற அன்னிக்கு வரிசையில முதல் ஆளு நான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பால்காரர் வரை எல்லோருக்கும் உன் எழுபத்தொன்று தெரியும்.

கழுத்து வலிக்கும்வரை குனிந்து உட்காராதே. நல்ல உடம்போடும் இதே நேர்மையோடும் நீ நீண்ட காலம் வாழ வேண்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு. அப்பாவின் எழுத்து எறும்பு ஊர்ந்தது போலச் சுருங்கிக்கொண்டே வந்தது உனக்குத் தெரியும். நான்கு மாதமாக இரட்டைக் கோடு நோட்டில் பெரிது பெரிதாக எழுதிப் பழகுகிறார். பயிற்சிக்கு முன் ஒரு வரி, போன வாரம் ஒரு வரி, இரண்டையும் வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி பின்பக்கம் இருக்கிறது. திருப்பாமல் மதிப்பெண் போடு.