பிடியரிசிப் பானையில் காசு

ஏரல்
1914 அக்டோபர் 9

என் அருமை மகள் இன்பமணிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளை பாக்கியசீலனும் பிள்ளைகளும் இலங்கையில் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வார்த்தை வர மாட்டேன் என்கிறது. பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கா அவித்துக் கொடுக்கிறாய்? வாசித்துக்கொண்டு வந்த அப்பா அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். வவுனியாப் பக்கம் குளத்தங்கரை ஊரில் நீங்கள் இருந்தவரைக்கும் சோற்றுக்குக் குறை என்று ஒரு வரி எழுதினதில்லையே அம்மா. ரப்பர் தோட்டத்தில் கூலி அதிகம் என்று மாப்பிள்ளை களுத்துறைக்குப் போனார், அவர் கூப்பிட்டு ஊரே பின்னால் போயிற்று. உலை வைக்கும்போது சபைக்கென்று எடுத்துப் போடுகிற பிடியரிசிக்குப் பதிலாக இங்கே எல்லாரும் காசு போடுகிறோம் என்று நீ எழுதினபோது அப்பா அதைக் கோயிலில் எல்லாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். இப்போது சீமைச் சண்டையினால் கப்பல் ஓடாமல் ரங்கூன் அரிசி வரவில்லை, கடை பூட்டிக் கிடக்கிறது, ரப்பரை வாங்க ஆளில்லை, பசித்த வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று பிடியரிசிப் பானையைத் திறந்தால் உள்ளே காசுதான் கிடந்தது என்கிறாய். ஐயோ, அதை எந்த உலையில் போடுவாய்? இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை.

பழைய ஊரைவிட்டு வராத நேசையா அண்ணன் வீட்டில் மட்டும் நெல் இருக்கிறதாம். குளத்தங்கரை உடைஞ்சு கிடக்கு வே, ஒத்த ஆளா நான் எப்படி அடைக்க, மழை பெஞ்சா ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது என்று மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினாராம். அதைக் கேட்டும் மாப்பிள்ளை ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா? கூட்டிக்கொண்டு போனவரே முதலில் திரும்பட்டும், நாலு பேர் பின்னால் வருவார்கள். ஐப்பசி மழை பிடிக்கும் முன்னே கரையை அடைத்தால்தான் விதைக்கலாம், இந்த வருஷம் தப்பினால் பிள்ளைகள் கதி என்ன? அப்பா இலங்கைக்குச் சரக்கு அனுப்புகிற தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவரிடம் அரிசி அனுப்பக் கேட்டார்கள். கடுதாசி போகும், மூட்டை போகாது, சண்டை தீரட்டும் என்று கையை விரித்துவிட்டாராம்.

இன்று காலை உலை வைக்கும்போது வழக்கம்போல் சபைக்கு ஒரு பிடி எடுத்தேன். கை தானாக உனக்கும் ஒரு பிடி எடுத்துவிட்டது. அதை எங்கே போட என்று தெரியாமல் அடுப்படியிலேயே நின்றேன்.

கர்த்தர் உங்களைப் பட்டினிக்கு விடாமல் காப்பாராக. கிழங்கு அவித்த தண்ணீர் விஷம், கொட்டிவிடு, சின்னவள் குடித்துவிடப் போகிறாள். ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பிடியரிசிப் பானையை மறக்காமல் எடுத்துப் போ.

இப்படிக்கு,
உன் பிடியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிற
அம்மா சாலோமி