உன் மேடையில் உன் அப்பா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். சுவரொட்டியில் நன்றாகச் சிரிக்கிறாய். போன் செய்தால் எடுப்பது உன் உதவியாளன். "அண்ணன் மீட்டிங்ல இருக்காரும்மா" என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே தெரியவில்லை. அதனால்தான் கடிதம்.

உன் மேடைப் பேச்சைப் பக்கத்து வீட்டுப் பெண் போனில் காட்டினாள். பிரஸ் மெஷின் நாலு விரலை எடுத்த பிறகும் யாரிடமும் உதவி கேட்காமல் ஒற்றைக் கையால் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவராம் உன் அப்பா. இலவசம் வாங்குகிறவர்கள் அவரைப் பார்த்து வெட்கப்பட வேண்டுமாம். என்னமாய்க் கைதட்டினார்கள்! உன் தங்கை மட்டும் லேசுப்பட்டவளா? எதிர்க்கட்சி மேடையில் ஏறி, முதலாளிதான் அப்பாவின் விரலைத் தின்றுவிட்டுத் தெருவில் நிறுத்தினான் என்று அழுதாள். அங்கேயும் கைதட்டல். பாவம் மனிதர், இரண்டு கட்சிக்கும் உழைக்கிறார்.

நடந்தது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மெஷினுக்கு முன்னால் தடுப்புத் தகடு உண்டு. அது இருந்தால் கை வேகமாக ஓடாது, பீஸ் கூலி குறையும் என்று எல்லோரும் கழற்றி ஆணியில் மாட்டிவைப்பார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் மேஸ்திரி விசிலடிப்பார். தகடு திரும்ப மெஷினில் ஏறும். முதலாளி கண்டும் காணாமல் இருந்தார். விரல் போன அன்றைக்கு இன்ஸ்பெக்டர் தலை மறைந்ததும் முதலில் கழற்றியவர் உன் அப்பாதான். பிறகு சங்கத்து ஆட்கள் மாதாமாதம் மளிகை சாமான் வாங்கிப் போட்டார்கள். அதே முதலாளி கம்பெனி கேட்டில் காவல் வேலை கொடுத்தார். நான் தெருத் துணியெல்லாம் இஸ்திரி போட்டேன். உங்கள் இரண்டு கதையிலும் தகடும் இல்லை, நானும் இல்லை. போகட்டும், எனக்கெதற்கு மேடை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக டயாலிசிஸ் நடப்பது உனக்குத் தெரியும். போய்வர இத்தனை நாளும் கார் அனுப்பியது முதலாளியின் மகன். உன் தங்கை பேசிய மறுநாளே கார் நின்றது. சரி, ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். மனிதர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். "ஓசி வைத்தியத்துக்குப் போனா என் புள்ள மூஞ்சி என்னாகும்? ஊரே அவன் பேச்சைக் கேட்டிருக்கு" என்கிறார். கூட வேலை பார்த்த சுருட்டை மாமா வந்து, சங்கத்தில் சாமான் வாங்கித் தின்றதெல்லாம் மறந்துபோச்சாடா என்று கத்தினார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அப்பா சாதித்தார். பொய் சொல்லவில்லையடா, நம்பிச் சொல்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. மகனிடமும் வாங்க மாட்டாராம். யாரிடமும் வாங்காதவராம்!

கால் வீங்கிவிட்டது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. இனியும் வராவிட்டால் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரை மேடையேற்ற உன் ஆட்கள் கார் கொண்டுவருகிறார்களாம். அதற்கு மட்டும் தெம்பு இருக்கிறது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லிவிட்டார்.

உன் தங்கைக்கும் எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தனியாகத் திட்டு.

நீ அந்தக் காரில் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாடியே வா. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "நாம நாலு பேர்கிட்ட வாங்கித்தாம்ப்பா பொழைச்சோம்" என்று ஒரு தடவை சொல். மைக் வேண்டாம். நான் சொன்னால் சண்டைக்கு வருகிறார். நீ சொன்னால் எதையும் நம்புவார். சொல்லிவிட்டு வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்.

சட்டையை இஸ்திரி போட்டுவைத்துவிட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும். ஜெயிக்கவும் வேண்டும். அதைப் பார்க்க அப்பாவும் இருக்க வேண்டும்.

உன் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருக்கும்,
அம்மா