நாலரை மணி போனை எடுத்தது நான்தான்

ஸ்ரீமதி,

ஷிஃப்டு முடிந்து வந்ததும் என் பேத்தி வினோதினியை எழுப்பாதே. விடியற்காலை நாலரைக்கு டீ பிரேக்கில் நீ அவளுக்கு அடித்த போனை எடுத்து, குரலை மெலிதாக்கி, "எழுந்துட்டேம்மா" என்று சொன்னது நான்தான். முப்பது வருஷம் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திய தொண்டை. நீ அப்படியே நம்பிவிட்டாய்!

ஒன்பதரை வரை டியூஷன், பன்னிரண்டு வரை வீட்டுப்பாடம், அப்புறம் போர்வைக்குள் செல்போன், நாலரைக்கு நீ, ஏழுக்கு ஸ்பெஷல் கிளாஸ். எங்கள் பிளான்டில் தூங்காமல் வந்தவனை மெஷின் பக்கமே விடமாட்டோம். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அந்த மரியாதைகூட இல்லையா? நேற்று பல் தேய்த்தபடியே தூங்கிப்போய், பேஸ்ட் வாயில் சிமென்டாக இறுகிவிட்டது.

"மாமா, நீங்க செல்லம் குடுத்தே கெடுக்கிறீங்க" என்றாய் அல்லவா? இதைக் கேள். திங்கட்கிழமை ஸ்கூல் விட்டு வரும்போது பஸ்ஸில் தூங்கி, ஒரகடத்தில் இறங்காமல் வாலாஜாபாத் வரை போய்விட்டாள். கண்டக்டர் தட்டி எழுப்பி, "இன்னா பாப்பா, வூடு எங்க கீது?" என்று கேட்டபோது, தூக்கத்திலேயே "எழுந்துட்டேம்மா" என்றாளாம். உன்னிடம் சொல்லப் பயந்து என்னிடம் அழுதாள்.

ஸ்பெஷல் கிளாஸ் டீச்சரைப் பார்க்கப் போகிறேன். நான் போடுகிற சத்தம் ஸ்ரீபெரும்புதூருக்கே கேட்கும். இனி வினோதினி ஒன்பது மணிக்கு ஸ்கூலுக்குப் போனால் போதும்.

உப்புமா குக்கரில்.

மாமா

பி.கு.: வாலாஜாபாத் விஷயத்தை அவளாகச் சொல்லும்வரை உனக்குத் தெரியாது. உனக்கும் இது ஆறாவது நைட் ஷிஃப்டு. திட்டாமல் அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கு.