மேலாற்றுக்குப் போய் வந்த செய்தி

பெக்கோக்
தாரண வருடம், ஆனி 28

அன்புள்ள சொர்ணத்துக்கு அண்ணி எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் அண்ணனின் கேன்வாஸ் சப்பாத்துகளைக் கழுவி, அடுப்புக்கு மேலே கவிழ்த்து வைத்தேன். முன்பக்கம் கொஞ்சம் துணி அடைத்தால் அவை என் காலுக்குச் சரியாக இருக்கின்றன. நேற்றும் முந்தாநாளும் அவற்றைப் போட்டுக்கொண்டுதான் மேலாற்றுக்குப் போய் வந்தேன். தோட்டத்துச் சேறு சிவப்பு, மேலாற்றுச் சேறு மஞ்சள். கூலி ஆட்களை மேய்க்கும் மண்டோர் கண்ணையா யார் வாசலைத் தாண்டினாலும் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர். அதனால் மற்ற வேலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இதைக் கொண்டு வருகிறவர் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் சதாசிவம். பிள்ளைகளுக்கு மரவள்ளி மாவும் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். கடிதத்தை யாரும் இல்லாத நேரத்தில் படி. முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உங்கள் சிங்கப்பூர் ஷோனான் ஆனதிலிருந்து எல்லாத் தபாலையும் பிரித்துப் படிக்கிறார்கள் என்று நீதான் எழுதியிருந்தாய். அதனால்தான் கைக்கடிதம்.

மேலாறு உனக்கு மறந்திருக்காது. உன் கல்யாணத்துக்கு முந்தின வருடம் விடுமுறைக்கு வந்திருந்தபோது எங்களோடு பாதி வழி நடந்து, அட்டைகளைக் கண்டு ஒரு பாறையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய். நாங்கள் திரும்பி வரும்வரை இறங்கவே இல்லை. அப்போதெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "லீவு கெடச்சா மனுசன் தூங்குவான். இந்த டிரெஸ்ஸரய்யா பொண்டாட்டிய இழுத்துக்கிட்டு ஆத்துல கல்லு பாக்கப் போறாரு" என்பார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடும் உன் அண்ணனுக்கு அந்தக் கேலி பிடிக்கும். ஜோகூர் லாமாவின் மண்கோட்டையைப் பார்த்து வந்ததிலிருந்து அவருக்கு மேடு என்று எதைக் கண்டாலும் கோட்டைதான். மலையிடுக்குக்கு அப்பால் ஒரு மண்மேடும் சில பழைய கல்லறைக் கற்களும் இருக்கின்றன அல்லவா, அதையும் கோட்டை என்றே சொல்லுவார். சென்னையில் போய்ச் சரித்திரம் படித்தவள் என்ற திமிரில், வெள்ளத்துக்குப் போட்ட கரையாக இருக்கும் என்பேன் நான். அதிலேயே எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

இந்த முறை நான் கோட்டை பார்க்கப் போகவில்லை. காளியம்மாவுக்குத் துணையாகப் போனேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், எனக்கு அடுத்த வரிசையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தங்கராஜுவும் உன் அண்ணனும் ஜப்பான்காரர்களுக்கு ரயில் பாதை போட ஒரே ரயிலில்தான் சியாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கிருந்து நோயாளியாகத் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவன், தங்கராஜுவைப் பிணங்களின் வரிசையில் படுக்க வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்ததாகத் தை மாதத்தில் வந்து சொன்னான். லயமே கூடி அழுதது. தாலியை இறக்கி, வெள்ளைச் சேலை கொடுத்து, கருமாதியும் செய்து முடித்தார்கள். உன் அண்ணனைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னான். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை மாதம் ஓட்டினேன்.

போன வாரம் காட்டிலிருந்து பிரம்பு கொண்டுவரும் ஜாக்கூன் பழங்குடிக்காரர் ஒருவர் காளியம்மாவிடம் ஒரு செய்தி சொன்னார். மலையிடுக்குக்கு மேலே, மண்மேட்டின் மேல் ஒரு தமிழர் காய்ச்சலோடு கிடக்கிறாராம். தாடி வளர்ந்திருக்கிறதாம். உப்பு கேட்கிறாராம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காளியம்மா என்னிடம் ஓடி வந்தாள். அந்த மேடு தெரிந்தவர்கள் தோட்டத்தில் இரண்டே பேர் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "டிரெஸ்ஸரய்யாதான் டீச்சரம்மா. வேற யாரு அந்தப் பக்கம் போவா? நீங்க வழி காட்டுங்க, நான் மூட்டைய தூக்கிக்கிட்டு வரேன்" என்றாள். தன் புருஷன் இறந்துவிட்டான் என்று முடிவானவள் எனக்காகக் கிளம்பினாள். அன்றிலிருந்து போய்ச் சேரும்வரை எனக்கு வேறு நினைவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய எழுத்துகளைப் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், அவர்களே திருத்தினார்கள்.

ஆற்றோரம் மரவள்ளிக் குச்சி நடப் போகிறோம் என்று கண்ணையாவிடம் கேட்டோம். அரிசி இல்லாத காலத்தில் யார் எங்கே நட்டாலும் தடை இல்லை. ஆனாலும் அவர் சும்மா விடுவாரா? "என்னா டீச்சரம்மா, குச்சி நடுறீங்களா கோட்ட புடிக்கிறீங்களா? மேல போறவங்க எல்லாரும் கீழ வரணும், பாத்துக்கங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த ரயிலுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு அவருடையது. ஓடிப்போனவன் ஒருவனைப் பிடித்துக் கொடுத்தால் அவருக்கு அரிசி கிடைக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

விடிந்ததும் நடந்தோம். ரப்பர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஆறு இன்னும் சாதுவாகத்தான் ஓடுகிறது, தேயிலைத் தண்ணீர் நிறத்தில். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பாறை எழும்பி, வானம் ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. கரை என்று ஒன்று இல்லை. தண்ணீருக்குள்ளேயே நடக்க வேண்டும். இடது பாறையில் ஓடும் வேர்களைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போனோம். போர் வந்த பிறகு அங்கே யாரும் போகவில்லை போலிருக்கிறது, பிரம்பு முள் வழியெல்லாம் குறுக்கே வளர்ந்திருந்தது. அருவிக்குப் பக்கத்தில் ஏறும்போது மூச்சு வாங்கி நான் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்துநாலு வயதும் மரவள்ளிச் சாப்பாடும் காலில் தெரிந்தன. பாறையிலிருந்து வழியும் நீர், பெரணிச் செடிகள், மேலே எங்கோ ஓர் இருவாட்சி இறக்கை அடித்துப் போகும் சத்தம் எல்லாம் முன்பு போலவே இருந்தன. உனக்குச் சொன்னால் என்ன, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன். இன்னும் ஒரு திருப்பம்தான், அவரைப் பார்த்துவிடுவேன் என்றிருந்தது.

மேட்டின் மேல் ஓலைச் சார்ப்பு ஒன்றின் கீழே கிடந்தவர் தங்கராஜு.

காளியம்மா அழவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஏசத் தொடங்கினாள். "பாவி மனுசா, ஒனக்குக் கருமாதி பண்ணி ஊரே சாப்புட்டுப் போயிருச்சுய்யா" என்றாள். அவர் படுத்தபடியே, "என்னா போட்ட?" என்று கேட்டார். "மரவள்ளிதான், வேறென்னா கெடக்கு?" என்றாள். "அதுக்காடி இம்புட்டுச் சத்தம்" என்றார் அவர். பிறகு அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் தள்ளி நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா" என்று எழுந்திருக்கப் பார்த்தார். அவர் கண் என் நெற்றிப் பொட்டுக்குப் போயிற்று. போன வேகத்தில் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டது. அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

சொர்ணம், உன் அண்ணன் இப்போது இல்லை. போன ஆவணியில், அங்கே மழைக்காலத்தில், சியாமிலேயே முடிந்துவிட்டது. வாந்திபேதிக் கொட்டகையில் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கே அந்த நோய் வந்திருக்கிறது. எரித்தார்களா புதைத்தார்களா என்று கேட்டேன். "அத மட்டும் கேக்காதீங்கம்மா" என்றார் தங்கராஜு. கேட்காமல் விட்டேன்.

மற்றதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தங்கராஜுவைப் பிணங்களோடு போட்டிருந்தது உண்மைதான். நாடியைப் பார்த்து அவரை வரிசையிலிருந்து இழுத்து வந்தது உன் அண்ணன். கொட்டகையில் மருந்து கிடையாது. கொதிக்க வைத்த தண்ணீரும் பேச்சும்தான். சாயங்காலமானால் படுத்திருக்கிறவர்களையெல்லாம் மேலாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போவாராம், வாயாலேயே. "இப்ப எடது பாறைய புடிச்சுக்க. தண்ணி இடுப்பு வரைக்கும் வரும், பயப்படாத. அருவிக்குப் பக்கத்துல வேரு இருக்கு பாரு, அதுல ஏறு" என்று. ஏறி முடித்ததும் கோட்டை வரும், அங்கே உட்காரலாம், எந்த வெள்ளமும் அங்கே ஏறாது என்பாராம். சிலர் ஏறி முடிப்பதற்குள் இறந்துவிடுவார்களாம். தங்கராஜு தினமும் கேட்டுக் கேட்டு வழியை மனப்பாடம் பண்ணியிருக்கிறார். தப்பி வந்தவர் தோட்டத்துக்குள் நுழையப் பயந்து, ஒரு முறைகூடப் பார்த்திராத அந்த இடத்துக்கு நேராக நடந்து வந்துவிட்டார்.

நான் கல்லறைக் கற்களின் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. இன்னொன்றும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். இவர் பிழைத்து அவர் போனாரே என்று காளியம்மாவின் மேல் கோபம் வந்தது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் நெற்றியையும் தன் சேலையையும் பார்த்துவிட்டு, "மாத்திக் கட்ட முடியாது டீச்சரம்மா. ரெண்டு பேரும் இப்பிடியேதான் கீழ எறங்கணும்" என்றாள். அந்தக் கோபம் அதோடு போய்விட்டது.

அவள் சொன்னதுதான் நிலைமை. நான் பொட்டை அழித்தால், செய்தி கொண்டுவந்தது யார் என்று லயம் கேட்கும். சியாமிலிருந்து யாரோ வந்திருக்கிறான் என்பது கண்ணையாவுக்குத் தெரிய ஒரு பொழுது ஆகாது. அவள் பூ வைத்தாலும் அப்படித்தான். ஆகவே அவள் வெள்ளையிலும் நான் குங்குமத்தோடும் நேற்று மாலை தோட்டத்து முகப்பிலுள்ள பாலத்தைக் கடந்தோம். கண்ணையா அங்கே நின்றிருந்தார். "கோட்ட பத்திரமா இருக்கா?" என்றார். "இருக்குங்க. ஐயா வந்ததும் உங்களையும் கூட்டிப் போகச் சொல்றேன்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகு, பின்னால் வந்த காளியம்மா என் முதுகில் கை வைத்தாள்.

இன்று காலையும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பொட்டு வைத்துக்கொண்டேன். இது அவருக்குச் செய்யும் துரோகமா என்று யோசித்துப் பார்த்தேன். அவர் பிணங்களுக்கு நடுவிலிருந்து இழுத்து வைத்த உயிர் ஒன்று மேலே கிடக்கிறது. அதை நான் ஒரு துக்கத்துக்காகப் பிடித்துக் கொடுக்க முடியாது. நீயும் அங்கே தீட்டு காக்காதே, தலை முழுகாதே, மாப்பிள்ளையைத் தவிர யாரிடமும் சொல்லாதே. இந்தத் தோட்டத்து ஆட்கள் ஷோனானுக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். உடன்பிறந்தவளிடம் இதைக் கேட்பது கொடுமை என்று எனக்குத் தெரியும். அழ வேண்டுமானால் குழாயைத் திறந்துவிட்டு அழு.

இனி எழுதப்போவது காளியம்மாவுக்கே தெரியாது. தங்கராஜுவின் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. கூட ஆள் இல்லாமல் அவர் பிழைக்க மாட்டார். அவள் அங்கேயே தங்க ஆசைப்படுகிறாள். ஆனால் அவள் காணாமல் போனால் கேள்வி என்னிடம்தான் வரும் என்று வாய் திறக்காமல் இருக்கிறாள். ஆடி அமாவாசைக்கு ஆற்றில் முழுகப் போவதாகச் சொல்லி அவளை மறுபடி கூட்டிப் போகப் போகிறேன். மூட்டையில் உன் அண்ணன் ஒளித்து வைத்துவிட்டுப் போன கொய்னா காய்ச்சல் மாத்திரைகளில் மீதியும் உப்பும் இருக்கும். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நீ இங்கேயே இரு என்று அவளிடம் சொல்லுவேன். முன்னாலேயே சொன்னால் வர மாட்டாள். திரும்பி வந்து, பெக்கான் நானாஸில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் யாராவது விசாரித்தால் நீயும் அதையே சொல். கண்ணையா நம்பாமல் போனாலும் போகலாம். அதையும் யோசித்துவிட்டேன்.

திரும்புகிற வழியில் நான் தனியாக இருப்பேன். அருவிக்குக் கீழே உள்ள மடுவில் இறங்கி அவருக்கு எள்ளும் தண்ணீரும் விடப் போகிறேன். பெண்கள் செய்வதில்லை என்பது தெரியாமல் இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, செய்வதற்கு வேறு யாரும் இல்லை, பார்க்கவும் அங்கே யாரும் இல்லை.

அன்று காலையில் நீ கொல்லைக்குப் போய், தெற்கே பார்த்து ஒரு கை தண்ணீர் விடு. யாராவது கேட்டால் செடிக்கு என்று சொல்லிவிடு.

நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அண்ணி,
சந்திரமதி