மாவு பிசையும்போது எண்பத்து நாலு

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், அதிலும் உன் அப்பா கொஞ்சம் கூடுதலாகவே சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். போன மாதம் டாக்டர் உன் அப்பாவைப் பேக்கரி வேலையை விடச் சொன்ன அன்று நான் ஒன்றைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவர் மணிக்கட்டில் இருந்த, ஆக்சிஜன் அளக்கும் எங்கள் கம்பெனிப் பட்டையில், கை ஆடுவதால் வரும் பிழையை நீக்கும் கணக்கை எழுதியவள் நான்தான். நிமோனியா வந்து தேறியவர் ஆயிற்றே என்று கட்டிவிட்டதும் நான்தான். சும்மா உட்கார்ந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றாறு, மாவில் கை வைத்தால் எண்பத்து நாலு; அதைப் பார்த்துத்தான் டாக்டர் அப்படிச் சொன்னார். "முப்பது வருஷமா பிசைஞ்ச கை, இனிமே வீட்ல உட்கார்ந்து ஈ ஓட்டவா" என்று ஒருமுறை கேட்டார். உன்னிடம் போனில் சிரித்ததெல்லாம் நடிப்பு. எண் தப்போ என்று எனக்குச் சந்தேகம், ஆனால் நிஜமாகவே குறைந்திருந்தால்?

பட்டையின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் சோதித்ததெல்லாம் நடப்பவர்களையும் ஓடுபவர்களையும்தான். கை ஆடும் வேகத்தில் எது துடித்தாலும் என் கணக்கு குப்பை என்று தள்ளிவிடும். அப்பா மாவை அழுத்தும் வேகமும் அவருடைய நாடியும் ஒன்றே, நிமிடத்துக்குத் தொண்ணூறு. நாடியையும் சேர்த்துத் தள்ளிவிட்டு மிஞ்சிய சக்கையை அளந்திருக்கிறேன்! ஏழெட்டு முறை அழுத்தியதும் மாவை மடித்து, அது இளகட்டும் என்று அதன்மேல் கையை அப்படியே வைத்து நிற்பாரே, இரண்டு வேகமும் ஒன்றானால் அந்த ஐந்தாறு நொடியில் மட்டும் அளக்கும்படி மாற்றினேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "முதல்லயே வாயைத் திறந்திருக்கலாமேம்மா" என்றார், திட்டவில்லை. நெற்றி கையைப் போல ஆடாது என்பதால் அங்கே வேறொரு கருவியைக் கட்டி, தன் மேஜைமேலேயே அப்பாவை அரைமணி நேரம் பிசையவைத்தார். நெற்றியில் தொண்ணூற்றைந்து, கையிலும் தொண்ணூற்றைந்து! அப்பா என்னைப் பார்க்காமல், "டாக்டர், உங்க மேஜைதான் ஆடுது, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாரே பார்க்கணும், நர்ஸ் சிரித்த சிரிப்பில் நானும் அழுதுகொண்டே சிரித்தேன். கம்பெனியிலும் எல்லாப் பட்டைகளுக்கும் என் திருத்தம் போகிறது.

உனக்கும் எனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம், புத்தி சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் நீ போனில் சொன்ன முதுகுவலியைத் தள்ளிப்போடாதே, யாரிடமாவது காட்டு. எடுத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும்.

வெள்ளிக்கிழமை டாக்டர் அனுமதி எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை அப்பா வேலையில் சேர்ந்து நூற்றிருபது ரொட்டி சுட்டார்.

அப்பாவைக் கட்டிக்கொண்டு உனக்கும் உறவானவள்,
சித்தி