விரிப்பின் மறுமுனை

சின்னவனைப் பெற்றவளுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்தான். விடுதிச் சலவைக்கூடத்தில் மடிக்கும் இயந்திரம் மட்டும் படுத்துவிட்டது. படுக்கை விரிப்புகளைக் கையால் மடிக்கிறோம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

நேற்று ஒரு விரிப்போடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் நீராவி, மேகத்துக்குள் நிற்பதுபோல. மறுமுனையை யாரோ தூக்கினார்கள். பார்த்தால் உன் பிள்ளை! வேலை விஷயமாக வந்தானாம். என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டுப் போனவன், தின்ற தட்டைக்கூட நகர்த்தாதவன்.

அவனாகப் பேசாமல் நான் பேசுவதில்லை என்று சொன்னது சொன்னதுதான். உதறினோம், மடித்தோம். ஒவ்வொரு மடிப்புக்கும் ஓர் எட்டு நெருங்கி வந்தான். கடைசியில் முனைகளை என் கையில் வைத்து, "இளைச்சுட்டீங்கப்பா. இனிமே தனியா இழுக்காதீங்க" என்றான்.

முதலில் பேசியது அவன்தான், நினைவில் வைத்துக்கொள்.

"எனக்கே புத்தி சொல்றியா?"

"வேற யார் சொல்றது?" என்று சிரித்தான். கூடை காலியாகும்வரை நின்றான்.

ஓரங்கள் அத்தனையும் நேர். என் கைக்குக்கூட அப்படி வந்ததில்லை. இதை அவனிடம் சொல்லாதே. என் கோபம் இன்னும் தீரவில்லை.

இருமலுக்கு நெஞ்சில் தடவத் தைலம் வேண்டும். அடுத்த மாதமும் இந்தப் பக்கம் வருவானாம். புட்டியைத் தபாலில் போடாதே, உடைந்துவிடும். அவன் கையிலேயே கொடுத்தனுப்பு.

அழுக்குத் துணி வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்